டிக் அடிக்காத கட்டம்

எங்கள் லேபுக்கு வரும் ரத்தக் குழாய்களில் அலுமினியத் தாள் சுற்றி வருவது பெரும்பாலும் பச்சைக் குழந்தைகளுடையதுதான். மஞ்சள் காமாலையில் ரத்தத்தில் ஏறும் பிலிருபின் என்ற சாயம் வெளிச்சம் தாங்காது. நல்ல வெளிச்சத்தில் கிடந்தால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே அளவு இறங்கிவிடும். அதனால் குதிகாலில் குத்தி எடுத்த அரை மில்லி ரத்தத்தைக் குட்டி டியூபில் பிடித்து, மிட்டாய் மாதிரி வெள்ளித் தாளில் சுருட்டி வார்டிலிருந்து கொடுத்தனுப்புவார்கள். தாளைப் பிரித்து சென்ட்ரிஃபியூஜில் சுற்றவிட்டால் சிவப்பு அடியில் தங்கிவிடும், மேலே சீரம் தெளிந்து நிற்கும். பெரியவர்களுக்கு அது வைக்கோல் நிறம். பிறந்து நாலு நாளான குழந்தைக்கு நல்ல மஞ்சள். இருபத்தொரு வருடமாக இந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

டியூபோடு வரும் படிவத்தில் பிலிருபினுக்கு நேராக இரண்டு கட்டங்கள் இருக்கும். ஒன்று டோட்டல், இன்னொன்று டைரக்ட். ரிப்போர்ட்டில் மூன்றாவதாக இன்டைரக்ட் என்று ஒரு வரி வரும். அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது. டோட்டலிலிருந்து டைரக்டைக் கழித்து எழுதுவதுதான் அது. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஏமாந்த மாதிரி சிரிப்பார்கள்.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு மதிய வேளையில் அப்படி ஒரு டியூப் வந்தது. லேபிளில் 'பேபி ஆஃப்' என்று போட்டு அம்மாவின் பெயர். பிறந்து பதினாறு நாள். 'மஞ்சள் நீடிக்கிறது' என்று ஒரு குறிப்பு. டோட்டல் கட்டத்தில் மட்டும் டிக். போட்டேன். பத்து புள்ளி சொச்சம் வந்தது. பதினாறு நாள் குழந்தைக்கு அது கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் யாரும் பதறும் எண் இல்லை. மஞ்சளை இறக்கும் நீல விளக்கின் கீழ் வைக்க வேண்டிய அளவுகூட இல்லை. ரிப்போர்ட் போனது. டியூப் குளிர்பெட்டிக்குப் போனது, மூன்று நாள் கழித்துக் குப்பைக்குப் போனது. அந்த டியூபில் இன்னொரு பரிசோதனைக்குப் போதுமான சீரம் மிச்சம் இருந்தது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மிச்சம் இருந்தது.

மூன்று மாதம் கழித்து அதே பதிவு எண்ணில் இன்னொரு டியூப். இந்த முறை எல்லாக் கட்டங்களிலும் டிக். சென்ட்ரிஃபியூஜிலிருந்து எடுத்தபோது சீரம் மஞ்சளாக இல்லை. கடும் தேநீர் டிகாக்ஷனில் ஒரு சொட்டு பச்சை கலந்த மாதிரி இருந்தது. டோட்டல் பதினொன்று. முதல் தடவைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமே இல்லை. டைரக்ட் எட்டு.

டைரக்ட் எட்டு என்றால் என்ன என்று சொல்ல, கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

நம் உடம்பில் சிவப்பணுக்கள் பழசாகி உடையும்போது வரும் மஞ்சள் சாயம்தான் பிலிருபின். அது தண்ணீரில் கரையாது. ரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதனோடு குளுகுரோனிக் அமிலத்தைச் சேர்த்து, தண்ணீரில் கரையும்படி மாற்றி, பித்தநீரில் கலந்து பித்தநாளம் வழியாகக் குடலுக்கு அனுப்பும். அங்கே கிருமிகள் அதை மேலும் மாற்றுகின்றன. மலத்துக்குப் பழுப்பு நிறம் வருவது இப்படித்தான். ஆக, கல்லீரலுக்குள் நுழைவதற்கு முன்னால் இருப்பது ஒரு வகை, கல்லீரல் வேலையை முடித்து வெளியே அனுப்புவது இன்னொரு வகை.

பிறந்த குழந்தையிடம் சிவப்பணுக்கள் அதிகம், அவற்றின் ஆயுளும் குறைவு. கல்லீரலோ இன்னும் வேலை பழகவில்லை. அதனால் முதல் வகை ரத்தத்தில் தேங்கும். நிறைமாதக் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாவது இதனால்தான். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் சில குழந்தைகளுக்கு இது மூன்று நான்கு வாரம்கூட இழுக்கும். தானாகவே போய்விடும். "குழந்தைக்கு மஞ்சள் சகஜம், சரியாயிடும்" என்று பெரியவர்களும் டாக்டர்களும் சொல்வது சரியான வாக்கியம். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவைக்கும் மேல் சரி. இவ்வளவு தூரம் சரியாக இருப்பதுதான் அதில் உள்ள வில்லங்கம்.

இரண்டாவது வகை, அதாவது கல்லீரல் வேலையை முடித்த பிலிருபின், ரத்தத்தில் தேங்கினால் அதற்கு 'சகஜம்' என்ற பேச்சே கிடையாது. கல்லீரல் வேலை செய்திருக்கிறது, சரக்கு வெளியே போக வழி இல்லை என்று அர்த்தம். டைரக்ட் என்ற கட்டம் அளப்பது இதைத்தான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1916ல் வான் டென் பெர்க் என்ற டச்சு மருத்துவரும் அவருடன் வேலை செய்த முல்லரும் சீரத்தில் டயசோ என்ற ரசாயனத்தை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலருடைய சீரத்தில் ஆல்கஹால் சேர்த்தால்தான் நிறம் மாறியது. சிலருடையதில் எதுவும் சேர்க்காமலே, நேராகவே, மாறியது. நேராக மாறியதை டைரக்ட் என்றார்கள், மற்றதை இன்டைரக்ட் என்றார்கள். ஏன் இப்படி என்று அப்போது தெரியாது. கரைவதும் கரையாததும்தான் காரணம் என்பது பின்னால்தான் புரிந்தது. நூறு வருடம் தாண்டியும் அந்தப் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். டைரக்ட் என்ற சொல்லைக் கேட்டால் எந்தப் பெற்றோருக்கும் ஒன்றும் விளங்காது. 'வெளியே போக வழியில்லாத மஞ்சள்' என்று பெயர் வைத்திருந்தால் எத்தனை பேர் கேட்டு வாங்கிப் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அந்தக் குழந்தைக்கு இருந்தது பிலியரி அட்ரீசியா. பித்தநாளங்கள் அழற்சியால் நார் போலத் தடித்து மூடிக்கொள்ளும் நோய். ஏன் வருகிறது என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருகிறது. தைவானில் அதைவிட மூன்று மடங்கு அதிகம். அபூர்வம்தான். ஆனால் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குச் செய்யப்படும் கல்லீரல் மாற்று சிகிச்சைகளுக்கு முதல் காரணம் இதுதான். எதுவும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வயதைத் தாண்டுவதில்லை.

இதில் என்னை இன்னும் உறுத்துவது, குழந்தை நோயாளி மாதிரியே இருக்காது என்பதுதான். நிறைமாதத்தில் பிறக்கும். நல்ல எடை இருக்கும். பால் குடிக்கும், கன்னம் உப்பும், சிரிக்கத் தொடங்கும். மஞ்சள்கூட ஒரேயடியாக இருக்காது. லேசாக, இழுத்துக்கொண்டே நீளும். உள்ளே கல்லீரல் நாளுக்கு நாள் தழும்பாகிக்கொண்டிருக்கும். சில குழந்தைகளுக்கு முதல் அறிகுறியே ரத்தக்கசிவாக இருக்கும். பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பு செரிக்காது, கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் சேராது. கே வைட்டமின் இல்லையென்றால் ரத்தம் உறையாது. தொப்புளில் கசியும், ஊசி போட்ட இடத்தில் நிற்காது, மிக மோசமான நாளில் மூளைக்குள் கசியும். அதுவரை 'தாய்ப்பால் மஞ்சள்' என்று இருந்த குழந்தை அன்றைக்கு வேறு வார்டுக்குப் போகும்.

வைத்தியம் இருக்கிறது. அதற்கு ஒரு தேதி இருக்கிறது, அதுதான் கதையே. ஜப்பானில் செண்டாய் நகரத்தின் தோஹோக்கு பல்கலைக்கழகத்தில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1950களில் ஒரு வழி கண்டுபிடித்தார். அதுவரை இந்த நோயில் பெரும்பாலான குழந்தைகளை, வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, இணைப்பதற்கு நாளமே இல்லை என்று மூடிவிடுவார்கள். கசாய் அந்த நாராகிப்போன நாளத்தை முழுக்க வெட்டி எடுத்துவிட்டு, கல்லீரலின் வாசலில், கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் திறந்திருக்கக்கூடிய இடத்தில், குடலின் ஒரு துண்டை நேராகக் கொண்டுபோய்த் தைத்தார். பித்தநீர் கசிந்து வந்தது. 1959ல் ஜப்பானிய மொழியில் எழுதினார். மற்ற நாடுகளில் நம்பிக் கையில் எடுக்க இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. (நம் காதுக்குக் கசாயம் மாதிரிக் கேட்கும் பெயர். "கசாய் குடுத்தா போதுமா, ஆபரேஷன் வேண்டாமா?" என்று ஒரு தாத்தா எங்கள் கவுண்ட்டரில் கேட்டிருக்கிறார். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டோமே என்று பின்னால் வெட்கமாக இருந்தது.)

அந்த நுண்குழாய்கள் திறந்திருக்கும்போதே தைத்தால்தான் பித்தநீர் ஓடும். குழந்தையின் ஒவ்வொரு வாரமும் அவற்றில் கொஞ்சத்தை மூடிக்கொண்டே போகிறது. ஒரு மாதத்துக்குள், ஒன்றரை மாதத்துக்குள் செய்தால் பலன் நன்றாக இருக்கும். இரண்டு மாதம் தாண்டினால் குறையும். மூன்று மாதம் தாண்டினால் மளமளவென்று குறையும். நல்ல நேரத்தில் செய்தாலும் எல்லோருக்கும் பலிப்பதில்லை; பலித்தவர்களிலும் பலருக்குப் பின்னால் ஒரு நாள் மாற்றுக் கல்லீரல் தேவைப்படும். ஆனால் அந்த 'பின்னால்' ஒரு வயதா, பதினைந்து வயதா என்பது சின்ன வித்தியாசம் இல்லை.

நான் பார்த்த இரண்டாவது டியூபின்போது குழந்தைக்கு மூன்றரை மாதம்.

இனி மலத்தின் நிறம். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.

பித்தநீர் குடலுக்கு வராவிட்டால் மலத்துக்குச் சாயம் கிடைக்காது. களிமண் நிறம், வெளிறிய சாம்பல், சுண்ணாம்பில் லேசாக மஞ்சள் கலந்த நிறம். வெளியே போக வழியில்லாத டைரக்ட் பிலிருபின் தண்ணீரில் கரையும் என்பதால் சிறுநீரகம் வழியாகப் போகும். பச்சைக் குழந்தையின் சிறுநீர் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், துணியில் கறை விழக் கூடாது. கறை விழுந்தால் யோசிக்க வேண்டும். இந்த இரண்டும் எந்த இயந்திரமும் இல்லாமல், ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை குழந்தைத் துணி மாற்றும் கைக்குத் தெரியக்கூடியவை. ஆனால் முதல் குழந்தை பெற்றவளுக்கு எது சரியான நிறம் என்று எப்படித் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க அவளிடம் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு ஜப்பானில் பதில் கண்டுபிடித்தார்கள். ஒரு அட்டை. அதில் மலத்தின் நிறங்களை வரிசையாக அச்சிட்டு, பக்கத்தில் எண் போட்டு, தாயின் கையில் கொடுத்துவிட்டார்கள். 1990களில் அங்கே ஒரு மாகாணத்தில் தொடங்கியது. அதைத் தைவான் கையில் எடுத்து, 2002ல் சோதித்துப் பார்த்து, 2004ல் நாடு முழுக்க எல்லாப் பிறந்த குழந்தைகளுக்குமாக ஆக்கியது. குழந்தையின் சுகாதாரக் கையேட்டிலேயே அட்டையைச் சேர்த்துவிட்டார்கள். நிறம் கெட்ட வரிசையில் இருந்தால் ஒரு தொலைபேசி எண்ணுக்குச் சொல்ல வேண்டும், அல்லது ஒரு மாதத்தில் தடுப்பூசிக்கு வரும்போது டாக்டர் அட்டையைக் கேட்பார். இவ்வளவுதான் ஏற்பாடு. திட்டத்துக்கு முன்னால் பிறந்த பிலியரி அட்ரீசியா குழந்தைகளில் ஐந்து வயதைத் தொட்டவர்கள் நூற்றுக்கு 56 பேர். திட்டத்துக்குப் பின்னால் 89 பேர். முழுப் பெருமையையும் அட்டைக்குக் கொடுக்க முடியாது. அதே வருடங்களில் கல்லீரல் மாற்று சிகிச்சையும் முன்னேறியது. ஆனாலும் ஒரு அச்சிட்ட அட்டைக்கு இதைவிடப் பெரிய வேலை கொடுக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நாள் முழுக்க விலை உயர்ந்த இயந்திரங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு அந்த அட்டையின் மேல் கொஞ்சம் பொறாமை.

அட்டைக்கும் ஓட்டை உண்டு. சில குழந்தைகளுக்கு முதல் சில வாரங்கள் மலத்தில் நிறம் இருக்கும், நாளம் முழுக்க மூடிய பிறகுதான் வெளிறும். இன்றைக்கு மஞ்சள், நாளைக்கு வெளிறல், மறுபடி மஞ்சள் என்று கண்ணாமூச்சியும் ஆடும். ஒரு நாள் பார்த்துவிட்டு 'சரி' என்று அட்டையை மூடிவைத்தால் போச்சு.

போன வருடம் என் தங்கைக்குக் குழந்தை பிறந்தது. பதினேழாம் நாள் ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.

"அக்கா, போட்டோ அனுப்பிருக்கேன், பாத்தியா?"

பார்த்தேன். டயப்பர். படுக்கையறையின் மஞ்சள் விளக்கில் எடுத்த படம். அந்த வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரே சந்தன நிறமாக இருந்தது.

"இந்த லைட்டுல ஒண்ணும் சொல்ல முடியாதுடி. காலைல வெளிச்சம் வந்ததும் ஜன்னல்கிட்ட வச்சுப் பாரு. அடுத்த டயப்பரைத் தூக்கிப் போட்டுடாத."

"வெளுத்த மாதிரி இருக்கேன்னுதான்..."

"மூத்திரம்?"

"மூத்திரத்துக்கு என்ன?"

"நிறம் இருக்கா? துணியில கறை புடிக்குதா?"

அவள் அதைக் கவனித்ததில்லை. யாரும் கவனிக்கச் சொன்னதுமில்லை. மஞ்சள் இன்னும் முழுசாகப் போகவில்லை என்றும், எடை நன்றாகக் கூடியிருப்பதால் டாக்டர் கவலைப்பட வேண்டாம் என்று சொன்னார் என்றும், காலை வெயில் காட்டச் சொல்கிறார்கள் என்றும் சொன்னாள். வெயிலும் நீல விளக்கும் கரையாத வகை பிலிருபினைத்தான் கரைக்கும், டைரக்டை அவை தொடாது. இதை அந்த நேரத்தில் அவளிடம் சொல்லவில்லை. "நாளைக்கு ரத்தம் எடுத்துடலாம், டோட்டலும் டைரக்டும் ரெண்டும் போடச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். "எதுக்கு?" என்றாள். "சும்மா ஒரு நிம்மதிக்கு" என்றேன். அக்காமார்கள் 'சும்மா' என்று சொன்னால் தங்கைகள் நம்ப மாட்டார்கள். அன்று ராத்திரி அவளும் தூங்கவில்லை, அவள் வீட்டுக்காரரும் தூங்கவில்லை.

டோட்டல் 9.4. டைரக்ட் 0.3. சுத்தமான தாய்ப்பால் மஞ்சள். ஜன்னல் வெளிச்சத்தில் டயப்பர் கடுகு நிறத்தில் இருந்தது.

"பயமுறுத்திட்டக்கா நீ" என்றாள். இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. நான் சொன்னது தப்பில்லை; இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்தால் டோட்டல், டைரக்ட் இரண்டையும் பார்க்க வேண்டும் என்பதுதான் குழந்தைக் கல்லீரல் மருத்துவர்களின் வழிகாட்டுதல். ஆனால் அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. ஒரு ராத்திரி முழுக்கத் தன் குழந்தையின் முகத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான்.

எல்லாக் குழந்தைக்கும் பரிசோதனை என்று பேசும்போது நாம் மறக்கும் செலவு இது. ஸ்வீடனில் 1972 முதல் 1974 வரை இரண்டு லட்சம் பிறந்த குழந்தைகளுக்கு ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதக் குறை இருக்கிறதா என்று பார்த்தார்கள். அதுவும் கல்லீரலைத் தாக்கக்கூடியதுதான். நூற்றிருபது குழந்தைகளுக்குக் கடுமையான வகை இருந்தது. அவர்களில் பெரும்பாலானோருக்குக் கல்லீரல் நோய் வரவே இல்லை. செய்ய வேண்டிய குறிப்பிட்ட வைத்தியமும் அப்போது இல்லை. ஆனால் பெற்றோர் பல வருடம் பயத்தோடு வாழ்ந்தார்கள். திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். சொன்ன பிறகு செய்வதற்கு ஏதாவது இருந்தால்தான் தேடிப் போய்ச் சொல்வதில் அர்த்தம் உண்டு. இந்தக் கணக்கில் பிலியரி அட்ரீசியா எதிர்ப்பக்கம் நிற்கிறது. செய்வதற்கு இருக்கிறது, சீக்கிரம் செய்தால் பலனும் இருக்கிறது. தடுப்பது தாமதம் மட்டும்தான்.

அதனால்தான் அமெரிக்காவில் ஹூஸ்டனைச் சேர்ந்த சஞ்சீவ் ஹர்பவத் என்ற குழந்தைக் கல்லீரல் மருத்துவர் செய்த வேலை என்னை மாதிரி லேப்காரர்களுக்கு நெருக்கமானது. பிலியரி அட்ரீசியா என்று பின்னால் தெரிந்த குழந்தைகளின் பழைய ரிப்போர்ட்டுகளைத் தேடி எடுத்து, பிறந்த முதல் இரண்டு மூன்று நாளில் டைரக்ட் என்ன இருந்தது என்று பார்த்தார். 2011ல் அவர் வெளியிட்டது இதுதான்: பார்க்கப்பட்டிருந்த அத்தனை பேருக்கும் முதல் நாட்களிலேயே கூடுதலாக இருந்தது. மஞ்சள் கண்ணில் படுவதற்கு எவ்வளவோ முன்னால் எண் சொல்லிவிட்டிருக்கிறது. யாரும் அதைப் படிக்கவில்லை.

ஏன் படிக்கவில்லை என்பதற்கு எங்கள் பக்கம் ஒரு பதில் உண்டு. டைரக்ட் என்பது டோட்டலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போனால்தான் கவலைப்பட வேண்டும் என்று ஒரு பழைய விதி இருந்தது. நானும் அப்படித்தான் படித்தேன். டோட்டல் பத்து, டைரக்ட் 1.5 என்றால் நூற்றுக்குப் பதினைந்து, ஆகவே பரவாயில்லை. பிறந்த குழந்தைக்கு முதல் வாரத்தில் டோட்டல் எப்படியும் ஏறித்தான் இருக்கும், அந்த ஏற்றத்துக்குப் பின்னால் டைரக்ட் ஒளிந்துகொள்ளும். ஹர்பவத் பார்த்த குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு அந்த விகிதம் 'பரவாயில்லை' ரகம்தான். 2017 வழிகாட்டுதலில் விகிதத்தை விட்டுவிட்டார்கள். டோட்டல் எதுவானாலும் டைரக்ட் டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் போனால் அது இயல்பில்லை, காரணத்தைத் தேடு. என் மேசைக் கண்ணாடியின் கீழே பல வருடமாக இருந்த பழைய அட்டவணையை எடுத்துக் கிழித்தது அந்த வருடம்தான்.

இன்னொரு சில்லறைச் சங்கதி, ஆனால் லேபில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியது. குதிகால் ரத்தத்தை அழுத்திப் பிழிந்து எடுத்தால் சிவப்பணு உடைந்து சீரம் ரோஸ் கலராகிவிடும். பல டயசோ முறைகளில் அந்த ஹீமோகுளோபின் டைரக்ட் அளவைக் குறைத்துக் காட்டும். ரோஸ் சீரத்தில் வந்த 'நார்மல் டைரக்ட்' எனக்கு நார்மல் இல்லை. மறுபடி எடுக்கச் சொல்வேன். வார்டில் என்னைத் திட்டுவார்கள், திட்டட்டும்.

ஹூஸ்டன் குழு பிறகு இதையே திட்டமாகச் செய்து 2020ல் முடிவை வெளியிட்டது. 14 மருத்துவமனைகளில் 1,24,385 குழந்தைகள். பிறந்து அறுபது மணி நேரத்துக்குள் டைரக்ட் பார்ப்பது, கூடுதலாக இருந்தால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி பார்ப்பது. முதல் சுற்றில் கூடுதலாக வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். இரண்டாம் சுற்றிலும் தேறாதவர்கள் 119 பேர். அந்த 119 பேரில் பிலியரி அட்ரீசியா 7 பேருக்கு. ஒருவரைக்கூடப் பரிசோதனை தவறவிடவில்லை. கசாய் அறுவை செய்யும் வயது, முன்பு இருந்த 56 நாளிலிருந்து 36 நாளாக இறங்கியது.

இருபது நாள். என் குளிர்பெட்டியில் மிச்ச சீரம் மூன்று நாள்தான் இருக்கும்.

119ல் 7 என்றால் மிச்சம் 112 வீடுகளில் என் தங்கைக்கு வந்த மாதிரி ராத்திரிகள். அவர்களில் சிலருக்கு வேறு கல்லீரல் கோளாறு இருந்திருக்கும், பலருக்கு ஒன்றும் இருந்திருக்காது. இந்தக் கணக்கைச் சொல்லி வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அபூர்வ நோய்க்கு எல்லாக் குழந்தையையும் குத்துவதா என்று கேட்பவர்களும் உண்டு. குத்துவது எப்படியும் நடக்கிறது. தைராய்டுக்கும் மற்றதற்கும் பல இடங்களில் குதிகாலில் எடுக்கிறார்கள், மஞ்சளுக்கு டோட்டல் பார்க்கிறார்கள். அதே டியூபில் இன்னொரு கட்டம். ஸ்வீடன் பெற்றோருக்கு வருடக்கணக்கில் பதில் இல்லாமல் இருந்தது. இங்கே இரண்டு வாரத்தில் பதில் வந்துவிடும். நான் இந்தப் பக்கம்தான். தங்கை கோபித்துக்கொண்டாலும்.

ரத்தத்தில் டைரக்ட் கூடிவிட்டால் அதுவே நோயின் பெயர் இல்லை. தொற்று, கேலக்டோசீமியா, டைரோசினீமியா போன்ற பிறவிக் கோளாறுகள், ஹார்மோன் குறை என்று காரணங்கள் நீளும். அவற்றில் சிலவற்றுக்கு இன்னும் அவசரம். கேலக்டோசீமியா குழந்தைக்குப் பாலையே நிறுத்த வேண்டும். ஸ்கேன், கல்லீரல் திசு, கடைசியில் அறுவை மேசையில் பித்தப்பைக்குள் சாயம் விட்டு எடுக்கும் படம் என்று போகும். அதெல்லாம் டாக்டர்கள் பாடு. அந்த வரிசையைத் தொடங்கிவைக்கும் எண் மட்டும் எங்கள் பாடு.

அந்தப் பழைய குழந்தையை நான் பார்த்ததே இல்லை. டியூப்களைத்தான் பார்த்திருக்கிறேன். கசாய் அறுவை நடந்தது. டைரக்ட் எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கியது, மறுபடி ஒன்பதுக்கு ஏறியது. இடையிடையே பித்தநாளத் தொற்று; வெள்ளையணுக்கள் குதித்திருக்கும், கல்ச்சர் பாட்டில் வரும். ஆல்புமின் இறங்கிக்கொண்டே போனது. லேபிளில் அப்போதும் 'பேபி ஆஃப்'தான். பிறகு சில மாதம் ஒன்றும் வரவில்லை. அந்தப் பதிவு எண்ணை நான் மனப்பாடம் செய்யவில்லை, ஆனால் ஒவ்வொரு தடவையும் பார்த்ததும் தெரிந்தது. அவனுக்கு ஒரு வயது தாண்டிய பிறகு, ஊதா மூடி போட்ட ஒரு டியூப் வந்தது. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கச் சொல்லி. மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கும் மருந்து அது. எண் அதேதான். பெயர் வேறு. 'பேபி ஆஃப்' போய் அவனுக்கென்று ஒரு பெயர் இருந்தது. கொஞ்ச நேரம் அந்த லேபிளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் தன் கல்லீரலில் ஒரு துண்டைக் கொடுத்திருக்கிறார், அநேகமாக அம்மாவோ அப்பாவோ. 1989 வரை உலகத்தில் யாரும் வெற்றிகரமாகச் செய்யாத காரியம் இன்று ஒரு படிவத்தில் ஒரு டிக்காக வந்து நிற்கிறது.

இந்த வாரம் திங்கள்கிழமை ராத்திரி ட்யூட்டி. வெள்ளித் தாள் சுற்றிய டியூப் ஒன்று. பிறந்து பதினைந்து நாள். டோட்டல் கட்டத்தில் மட்டும் டிக். வார்டுக்குப் போன் போட்டேன்.

"சிஸ்டர், இந்த பேபிக்கு டைரக்டும் சேத்துப் போடட்டுமா?"

"டாக்டர் எழுதலையே மேடம்."

"தெரியும். கேட்டுச் சொல்றீங்களா? சாம்பிள் இருக்கு, மறுபடி குத்த வேண்டாம்."

அந்தப் பக்கம் யாரோ அழும் குழந்தையைச் சமாதானப்படுத்தும் சத்தம். நாலைந்து நிமிடம் கழித்துத் திரும்ப வந்தார்.

"போடச் சொல்லிட்டாங்க மேடம். எதுக்குன்னு கேட்டாங்க."

"மோஷன் என்ன கலர்னு அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"இல்லையே."

"கேட்டு வைங்க. நான் பத்து நிமிஷத்துல சொல்றேன்."

தாளைப் பிரித்தேன். சீரம் தெளிந்த மஞ்சள், ரோஸ் இல்லை. படிவத்தில் காலியாக இருந்த கட்டத்தில் பேனாவால் டிக் அடித்து, பக்கத்தில் நேரத்தையும் என் இனிஷியலையும் போட்டுவிட்டு, டியூபை இயந்திரத்தில் ஏற்றினேன்.